சுவர்ப் பக்கத்து ஜன்னல்

வீடு காட்டிய தரகர் சொன்னார்:
"காத்து நல்லா வரும்மா.
வெளிச்சந்தான் கொஞ்சம் முன்னே பின்னே."

முத்தியால்பேட்டையில் ஒரு தரைத்தளம்.
ஜன்னலைத் திறந்தால் ஒரு முழம் தள்ளி
பக்கத்து வீட்டின் பூசாத சுவர்.
என் பங்கு வெயிலை
மூன்று மாடிகளும் பிரித்துக்கொண்டன.
முதல் மாதம் துளசி போயிற்று.
இரண்டாம் மாதம் மணி பிளாண்ட்.
மணி பிளாண்ட் சாகிற வீடா என்று
கருவூலத்தில் என் எதிர் மேசை மங்கையர்க்கரசி
இன்னமும் நம்பவில்லை.

முன்பு குடியிருந்தவர்கள் விட்டுப்போன
இரண்டடிக் கண்ணாடித் தொட்டி
பரணில் கிடந்தது,
காய்ந்த சரளையோடும்
ஒரு பிளாஸ்டிக் பனைமரத்தோடும்.

நெல்லித்தோப்புக் கடையில் இருதயராஜ்
என்ன மீன் வேண்டும் என்று கேட்கவில்லை.
"ஜன்னல் எந்தப் பக்கம்?" என்றார்.
சுவர்ப் பக்கம் என்றேன்.
ஈரத் தாளில் மூன்று செடிகளைச் சுருட்டினார்.
மூன்றின் பெயரும் வாயில் நுழையவில்லை.
"அனூபியாஸை மண்ணுல பொதைச்சிடாதீங்க,
தண்டு அழுகிடும். கல்லுல கட்டுங்க.
ஜாவா ஃபெர்னும் அப்படித்தான்.
கிரிப்டோவை மட்டும் சரளையில நடுங்க."

மகனின் சட்டைக்குப் பொத்தான் தைக்கிற
கறுப்பு நூலால் கட்டினேன்.
சட்டையும் மகனும் காரைக்காலில்.
அவன் பன்னிரண்டாவது முடிக்கிறவரை
அவனும் அவன் அப்பாவும் அங்கே, நான் இங்கே.
அதற்கு முன் இரண்டு வருடம் ஏனாமில்.

எட்டாம் நாள் கிரிப்டோவின் இலைகள்
ஈரத்தில் விட்ட அப்பளம்போல் கரைந்தன.
விரலால் தொட்டால் விரலோடு வந்தது.
கடைக்குப் போன் போட்டேன்.
"தூக்கிப் போட்டுடாதீங்கம்மா.
எடம் மாறினா அது அப்படித்தான் பண்ணும்.
வேரு இருக்கும்."
எவ்வளவு நாள் என்றேன்.
"அதெல்லாம் அதுக்குத்தான் தெரியும்."

வெறும் சரளையைப் பார்த்துக்கொண்டு
பத்தொன்பது நாள் சாப்பிட்டேன்.

இடையில் ஒரு தப்பு செய்தேன்.
பாவம் இருட்டில் கிடக்கிறதே என்று
ஆறு மணி நேர விளக்கைப் பன்னிரண்டாக்கினேன்.
அனூபியாஸ் கவனித்ததாகத் தெரியவில்லை.
கண்ணாடி முழுக்கப் பாசி கவனித்தது.
பழைய பல்துலக்கியால் ஒரு ஞாயிறு முழுதும்
என் இரக்கத்தைத் தேய்த்து எடுத்தேன்.

வீடியோ காலில் மகன் கேட்டான்:
"மீன் எங்கம்மா?"
இன்னும் இல்லைடா.
"அப்ப அதுல என்னதான் இருக்கு?"
ஒரு நத்தை இருந்தது.
யாரும் வாங்கவில்லை.
செடியோடு முட்டையாய் வந்திருக்கும்.

கார்த்திகைப் புயலில் மூன்று நாள் கரண்ட் இல்லை.
தெருவே குடத்தோடு லாரிக்கு ஓடிற்று,
நானும் ஓடினேன்.
மெழுகுவத்தியைத் தொட்டியருகே கொண்டுபோய்ப் பார்த்தால்
இவை பாட்டுக்கு இருந்தன.
சரளைக்கு நடுவே
அரிசி முனை அளவு
பழுப்பாக ஏதோ நின்றது.
தூசி என்று ஊதிப் பார்த்தேன்,
கண்ணாடிக்கு இந்தப் பக்கமிருந்து.

இப்போது கிரிப்டோவுக்கு ஐந்து இலைகள்.
அனூபியாஸ் மாதத்துக்கு ஒன்று விடுகிறது,
சம்பளம் மாதிரி, சில மாதம் தள்ளிப்போகும்.
ஜாவா ஃபெர்னின் பழைய இலையொன்றின் முதுகில்
குட்டிச் செடி ஒன்று
தன் வேர்களைத் தொங்கவிட்டு உட்கார்ந்திருந்தது.

போன வெள்ளிக்கிழமை அதைக் கிள்ளி
ஈரத்துணியில் சுற்றி, டிபன் டப்பாவில் வைத்து
காரைக்கால் பஸ் ஏறினேன்.
கடலூரில் கூட்டம் ஏறியது.
பக்கத்தில் உட்கார்ந்த அம்மாள்
வாசனை வருமென்று காத்திருந்து பார்த்து
சிதம்பரத்தில் கேட்டேவிட்டாள்:
"என்ன கொண்டு போறீங்க?"
திறந்து காட்டினேன்.
"கீரையா?" என்றாள்.

சீர்காழி தாண்டி மகனைக் கூப்பிட்டேன்.
உன் மேசைப் பக்கம் எந்த ஜன்னல்டா?
"கொல்லைப் பக்கம். முருங்கை மறைக்கும். ஏன்?"
ஊறுகாய் பாட்டில் ஒன்று கழுவி வை என்றேன்.
சோப்புப் போடாதே.